கை படாத கைவேலை: கண்ணாடி ஊதுவதைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். கல்லூரி ஆய்வகங்களில் விரிசல் விட்ட கண்ணாடிச் சாமான்களைச் சரிசெய்வது, பிளாஸ்க், ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சர் மாதிரி சாமான்களைப் புதிதாக ஊதித் தருவது, 20 வருடத்துக்கு மேலாக இதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது பார்க்க வந்தால் டார்ச் என்ற கேஸ் பர்னரைப் பற்றவைத்து வேலை செய்து காட்டுவேன். நேரில் வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள் என்பதால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். வரிசை எதுவும் கிடையாது, நினைவுக்கு வந்தபடிதான்.

பார்க்க ஆரம்பித்தால் நகரவே மனசு வரவில்லையே, அப்படி என்ன இருக்கிறது இதில்?

இதைக் கேட்காதவர்களே கிடையாது, நானும் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றுவது, இது கை படாத கைவேலை. குயவர் மண்ணை அமுக்கி ஏற்றுகிறார், குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவருக்கு நூல் விரலிலேயே ஓடுகிறது, ஆம்பூரில் தோலைத் தடவிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார்கள். எந்தக் கைத்தொழிலுக்கும் விரல்தான் முதல் கருவி. கண்ணாடியில் மட்டும் வேலை நடக்கும் நேரத்தில் பொருளைத் தொடவே முடியாது. மூச்சு, சுழற்றும் வேகம், கீழே தொங்கப் பார்க்கும் அதனுடைய எடை, தீயில் காட்டும் நேரம், இவ்வளவுதான் நம் கையில் இருப்பது.

அப்புறம் நேரம். தீயிலிருந்து எடுத்த கண்ணாடி சில நொடிகள்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். திருவிழாவில் ஜவ்வு மிட்டாய்க்காரர் மூங்கில் கம்பிலிருந்து இழுத்து, திருகி, கண்மூடித் திறப்பதற்குள் ஒரு வாட்சைச் செய்து பிள்ளையின் கையில் கட்டிவிடுவாரே, சுற்றி நிற்கிற அத்தனை பேரும் வாயைத் திறந்து பார்ப்பார்களே, அதே ஈர்ப்புதான் இங்கேயும். முடிந்த பொருளை விட, அது முடிகிற அந்தக் கணத்தைப் பார்க்கத்தான் நிற்கிறோம் என்று நினைக்கிறேன்.

ஒரு உருண்டையை எப்படி ஊதுகிறீர்கள்? மெதுவாகச் சொல்லுங்கள்.

ஒரு பக்கம் மூடிய கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொள்கிறேன். டார்ச்சில் கேஸும் ஆக்சிஜனும் கலந்து எரிகிறது. குழாயை நிற்காமல் உருட்டிக்கொண்டே மூடிய முனையைத் தீயில் காட்டுகிறேன். நான் வேலை செய்வது போரோசிலிக்கேட் என்ற ஆய்வகக் கண்ணாடி, அது சுமார் 820 டிகிரியில் இளக ஆரம்பிக்கும், 1,250 பக்கம் போனால் நன்றாகக் குழைந்து கொடுக்கும். தீ படும் இடத்தில் முதலில் பளீரென்று ஒரு மஞ்சள் வெளிச்சம் வரும். கண்ணாடியில் இருக்கும் சோடியத்தின் வெளிச்சம் அது, வெறும் கண்ணால் பார்த்தால் வேலை தெரியாது. அதை மட்டும் தடுக்கிற டிடிமியம் என்ற ஊதா நிறக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால், மஞ்சள் மறைந்து உள்ளே செக்கச்செவேலென்று குழைகிற சுவர் தெளிவாகத் தெரியும்.

சுவர் சுருங்கித் தடிக்கும், உருட்டுவதை ஒரு நொடி நிறுத்தினாலும் ஒரு பக்கம் தொங்கிவிடும். சரியான பதம் வந்ததும் தீயை விட்டு வெளியே எடுத்து, ஒரு நொடி பொறுத்து, பிறகுதான் ஊத வேண்டும். அந்த ஒரு நொடியில் மெல்லிய இடங்கள் முதலில் ஆறி இறுகிவிடும், தடித்த இடங்கள் இன்னும் இளகி இருக்கும், ஊதும்போது தடித்த இடம் விரிந்து கொடுக்க, சுவர் தானாகவே சமமாகிவிடும். எனக்கு இது தெரிந்த அன்றைக்குக் கண்ணாடியே பாதி வேலையைச் செய்து தருகிறது என்று தோன்றியது. மூச்சு என்றால் பலூன் ஊதுகிற மூச்சு கிடையாது, சூடான டீயை ஆற்றுகிற அளவுக்குத்தான்.

கண்ணாடி திடப்பொருளா, திரவமா?

திடப்பொருள்தான், ஆனால் உள்ளே அடுக்கு ஒழுங்கு கிடையாது. அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நீர்ப்பதம், கம்பிப்பதம், உருண்டைப்பதம் என்று பாகு படிப்படியாகத்தானே இறுகுகிறது, ஐஸ் மாதிரி ஒரே புள்ளியில் கட்டியாவதில்லை. கண்ணாடியும் அப்படித்தான், இளகலிலிருந்து இறுக்கத்துக்குப் போகும் வழி முழுக்கப் பதங்கள், அந்தப் பதங்களுக்குள்தான் எங்கள் தொழிலே நடக்கிறது. ஆற ஆற அணுக்கள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்காமல் நின்ற நிலையிலேயே உறைந்துவிடுவதுதான் கண்ணாடி.

பழைய பங்களா ஜன்னல் கண்ணாடி கீழ்ப்பக்கம் தடிமனாக இருப்பது, அது மெல்ல ஒழுகியதால்தானே?

இல்லை. அந்தக் காலத்துத் தகடே தடிமன் ஏறி இறங்கித்தான் வந்தது. அறை வெப்பத்தில், வேலூர் வெயிலிலும்கூட, கண்ணாடி ஒழுகாது.

பாலாற்று மணலை உருக்கினால் கண்ணாடி வருமா?

ஏதோ ஒன்று வரும், ஆனால் பச்சையாகவோ பழுப்பாகவோ, குமிழும் கல்லுமாக வரும். ஆற்று மணலில் இரும்பும் வேறு தாதுக்களும் கலந்திருக்கும். கண்ணாடிக்கு வேண்டியது கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்காவாக இருக்கும் வெள்ளை மணல், ஆந்திராவில் கூடூர், சில்லக்கூர் பக்கம் கிடைப்பது போல. சிலிக்கா தனியாக உருக 1,700 டிகிரி வேண்டும். சோடா உப்பைச் சேர்த்தால் சூடு குறையும், ஆனால் அப்படியே விட்டால் கண்ணாடி தண்ணீரில் கரைந்துவிடும், அதைத் தடுக்கச் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். மணல், சோடா, சுண்ணாம்பு, பாட்டிலும் ஜன்னலும் இந்த மூன்றில்தான். பாலாற்றில் மிச்சமிருக்கிற மணல் தண்ணீரைப் பிடித்து வைக்கவாவது அங்கேயே கிடக்கட்டும்.

இது வெளிநாட்டுக் கலைதானே? நம் பக்கம் இதற்கு வேர் இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு எனக்குக் கொஞ்சம் ஆவேசமே வரும். கண்ணாடி பிறந்தது மெசபடோமியா பக்கம், 4,000 வருடங்களுக்கும் முன்னால், ஊதும் முறை சுமார் 2,000 வருடங்களுக்கு முன்பு சிரியா, பாலஸ்தீனம் அடங்கிய கடற்கரைப் பக்கம் வந்தது, சரி. ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கண்ணாடி மணி செய்துகொண்டிருந்தார்கள். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானியச் சாடிகள் கிடைத்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், எனக்கு அந்தச் சின்னச் சின்ன மணிகள்தான் பெரிசு. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், பல மணிகள் மிளகை விடச் சின்னவை. இந்த வகை மணிகளை ஆராய்ந்த பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தார், ஏனென்றால் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலும் கிடைக்கின்றன, தென்கிழக்காசியாவிலும் கிடைக்கின்றன, கொரியாவிலும் கிடைக்கின்றன.

இவ்வளவு சின்ன மணியில் ஓட்டை போட்டது எப்படி? போடவே இல்லை, ஓட்டையை முதலில் செய்துவிட்டுத்தான் மணியையே செய்தார்கள். உருகிய கண்ணாடியைப் பெரிய கட்டியாக ஒரு நீள இரும்புக் குழாயில் சுற்றி, நடுவில் துளை விழச் செய்து, உலையில் சூடாகவே வைத்திருந்து, முனையைக் கொக்கியால் பிடித்து இழுப்பார்கள். துளையும் சேர்ந்தே நீண்டு மெல்லிய குழாயாக வந்துகொண்டே இருக்கும். ஒரு கட்டியிலிருந்து மணிக்கணக்காக ஒரே ஆள் உட்கார்ந்து இழுப்பார். பிறகு அதை உடைத்து, பொடிப்பொடியாக நறுக்கி, துளை அடைபடாமல் இருக்கச் சாம்பலில் புரட்டி, மறுபடி சூடு காட்டினால் கூர் மழுங்கி உருண்டுவிடும்.

இந்த முறை அழிந்துபோகவில்லை என்பதுதான் விஷயம். ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவில் பாப்பநாயுடுபேட்டை என்ற ஊரில் இதே முறையில் நம் காலம் வரை மணி இழுத்து வந்திருக்கிறார்கள், அந்த இரும்புக் குழாய்க்கு லாடா என்று பெயர். 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரியும் வரை அந்தப் பக்கமெல்லாம் எங்கள் வேலூர் இருந்த வட ஆற்காடு ஜில்லாதான். எங்கேயோ இருக்கிற கலை என்று யாராவது சொன்னால் நான் வடக்கே கையைக் காட்டுவேன், பஸ் ஏறினால் மூன்று நான்கு மணி நேரம்.

வேலூர் லாங் பஜாரில் வாங்கும் வளையல் எப்படிச் செய்கிறார்கள்?

கண்ணாடி வளையல் பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத்திலிருந்து வருவது. சுழலும் ஒரு உருளையில் சூடான கண்ணாடி நூலாக வந்து ஸ்பிரிங் போலச் சுற்றிக்கொள்ளும். ஆறியதும் நெடுக்காக ஒரு வெட்டு, அத்தனை சுற்றும் தனித்தனி வளையமாகப் பிரிந்துவிடும். ஆனால் வளையத்தில் ஒரு வாய் திறந்திருக்கும், இரண்டு நுனியும் கொஞ்சம் விலகியும் இருக்கும். அதைச் சின்னத் தீயில் காட்டி நேராக்கி ஒட்டவைப்பது தனி வேலை, குடும்பம் குடும்பமாக வீட்டிலேயே செய்கிறார்கள். ஆடிப்பூரத்துக்கு அம்மனுக்குச் சாத்திய வளையலைக் கையில் வாங்கும்போது, உள்பக்கமாக விரலை ஓட்டிப் பாருங்கள், ஓர் இடத்தில் லேசாகத் தட்டுப்படும். அதுதான் யாரோ ஒருவர் தீயில் காட்டி ஒட்டிய இடம்.

நிறம் எப்படி வருகிறது? பெயிண்டா?

பெயிண்ட் இல்லை, உருகும்போதே உலோகத்தைச் சேர்க்கிறார்கள். கோபால்ட் கடுகளவு போதும், ஆழ்ந்த நீலம். இரும்பு பச்சை தரும், மாங்கனீசு ஊதா தரும், இரும்பின் பச்சையைப் போக்கவும் அதே மாங்கனீசைக் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். தங்கம் சேர்த்தால் சிவப்பு. இந்தச் சிவப்பு உடனே தெரியாது, ஆறும்போது நிறமில்லாமல் வெளுத்துத்தான் இருக்கும், திரும்பச் சூடு காட்டினால் உள்ளே தங்கத்துகள்கள் சேர்ந்து, கண் முன்னாலேயே மாணிக்கச் சிவப்பு ஏறும். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 4-ஆம் நூற்றாண்டு ரோமானியக் கோப்பை ஒன்று இருக்கிறது, லைகர்கஸ் கோப்பை என்பார்கள். முன்னாலிருந்து வெளிச்சம் பட்டால் பச்சை, உள்ளே விளக்கு வைத்தால் சிவப்பு. கண்ணுக்கே தெரியாத தங்க, வெள்ளித் துகள்கள்தான் காரணம்.

ஊதி முடித்ததும் பொருள் தயார்தானே? ஏன் மறுநாள் வரச் சொல்கிறீர்கள்?

ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா என்பார்களே, அதை எங்கள் தொழிலுக்காகவே சொன்னது போல இருக்கும். கண்ணாடி வெளிப்பக்கம் சீக்கிரம் ஆறி இறுகிவிடும், உள்பக்கம் பிறகு ஆறிச் சுருங்கப் பார்க்கும், வெளிப்பக்கம் விடாது. அந்த இழுபறி கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே தங்கிவிடும். அதனால் போரோசிலிக்கேட்டை 560 டிகிரி அளவில் சூளையில் வைத்து, அந்த இழுபறி தளரும் வரை விட்டு, பிறகு மெல்ல மெல்ல இறக்க வேண்டும். அனீலிங் என்று பெயர். என்னைக் கேட்டால் தொழிலே இதுதான், ஊதுவதெல்லாம் முன்வேலை.

தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம் ஒரு கல்லூரிக்கு ஆறு கண்டென்சர் செய்தேன். மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும், இரவு கரண்ட் போய்விட்டது, சூளை வேலை செய்யவில்லை. பரவாயில்லை, டார்ச்சின் மெல்லிய தீயிலேயே ஆற்றிவிடலாம் என்று அவசரப்பட்டு முடித்து அலமாரியில் அடுக்கினேன். ஆறு கண்டென்சரும் பளபளவென்று ஒரே மாதிரி இருந்தன. விடியற்காலையில் 'டிங்' என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. யாரும் தொடவில்லை, காற்றுகூட இல்லை. எழுந்து பார்த்தால் இரண்டில் ஜாயிண்ட் பக்கமாக முடி மாதிரி விரிசல் ஓடியிருந்தது. மற்ற நான்கும் நன்றாகத்தான் தெரிந்தன, ஆனால் அவற்றையும் கொடுக்க மனம் வரவில்லை. காலையில் போய் உண்மையைச் சொல்லி, இன்னும் ஒரு வாரம் கேட்டு வாங்கினேன். என் வாத்தியாரிடம் சொன்னபோது திட்டவில்லை, "அது மறக்கலப்பா, நீதான் மறந்துட்ட" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே இருக்கும் இழுபறியை நீங்களே பார்க்கலாம். லேப்டாப்பில் வெள்ளைத் திரையை வைத்துக்கொண்டு, போலராய்ட் கூலிங் கிளாஸை முன்னால் பிடித்துத் திருப்பினால் ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். இப்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சாமானைக் காட்டுங்கள். நன்றாக ஆறியது என்றால் இருட்டாகவே இருக்கும், சரியாக ஆறாததில் வெள்ளைக் கீற்றுகள் தெரியும். கண்ணாடி கிடைக்காவிட்டால் பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேலை வையுங்கள், வானவில் மாதிரி நிறம் நிறமாகத் தெரியும், அதுவும் அச்சில் ஆறும்போது தங்கிவிட்ட இழுபறிதான்.

கோலி சோடா பாட்டிலில் கோலியை எப்படி உள்ளே போட்டார்கள்?

பாட்டில் செய்யும்போதே, வாய் இன்னும் இளகி அகலமாக இருக்கையில் கோலியைப் போட்டுவிட்டு, பிறகு கழுத்தையும் வாயையும் குறுக்குவார்கள். இங்கிலாந்தின் ஹைரம் காட் 1870-களில் காப்புரிமை வாங்கிய பாட்டில் இது, அங்கே எப்போதோ வழக்கொழிந்து போனது, நம் ஊரில் மே மாதத்தில் இது இல்லாமல் முடியாது. தலைகீழாகப் பிடித்து நிரப்புகிறார்கள், நிமிர்த்துவதற்குள் கேஸின் அழுத்தம் கோலியை வாயில் இருக்கும் ரப்பர் வளையத்தில் இறுக்கிவிடுகிறது. மூடியும் இல்லை, கார்க்கும் இல்லை. அடுத்த முறை குடிக்கும்போது கழுத்தில் இருக்கும் இரண்டு பள்ளத்தைக் கவனியுங்கள், சாய்க்கும்போது கோலி அதில் போய் உட்கார்ந்து வழி விடும். பாட்டிலைத் திருப்பிப் பிடித்தால் கோலி வாயை அடைத்துவிடும்.

கலைஞர்கள் கண்ணாடியை ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள்?

எல்லோருக்கும் ஒரே காரணம் இருக்காது. எனக்கு நெருக்கமானது பிளாஷ்கா குடும்பத்தின் கதை. ஜெர்மனியில் டிரெஸ்டனுக்கு அருகில் அப்பா லியோபோல்டும் மகன் ருடால்பும், என்னைப் போலவே மேஜையில் தீ வைத்து வேலை செய்தவர்கள், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தாவரவியல் மாணவர்களுக்காகக் கண்ணாடியில் செடி செய்ய ஆரம்பித்தார்கள். 1880-களில் தொடங்கி 1936 வரை, அப்பா இறந்த பிறகும் மகன் தனியாக, 4,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் செய்தார்கள். பூ, காய், மகரந்தத்தூள், பூச்சி அரித்த இலை, அழுகின பழம்கூட. பாடம் நடத்தச் செய்த பொருள், இன்று உலகம் முழுவதிலிருந்தும் போய்ப் பார்க்கிறார்கள். கலை செய்கிறோம் என்று சொல்லிக்கொள்ளாமல், இலை நரம்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும் கவலைப்பட்டவர்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

கண்ணாடி ரொம்ப நாள் தொழிற்சாலைக்குள்ளேயே அடைபட்டிருந்த கலை. 1291-இல் வெனிஸ் அரசு தீ விபத்துக்குப் பயந்து உலைகளை முரானோ தீவுக்கு மாற்றியது, ரகசியம் வெளியே போகாமல் தொழிலாளிகளையும் அங்கேயே கட்டிப்போட்டது. ஒரு ஆள் தன் சொந்தப் பட்டறையில் சின்ன உலை வைத்து ஊதலாம் என்பதே 1962-இல் அமெரிக்காவின் டொலிடோவில் ஹார்வி லிட்டில்டன் நடத்திய பட்டறைகளுக்குப் பிறகுதான் பரவியது.

ஊதாமலும் கண்ணாடியில் படைக்கலாம். தஞ்சாவூர் கண்ணாடி ஓவியத்தில் பின்பக்கம்தான் வரைகிறார்கள். அதனால் சாதாரண ஓவியத்தில் கடைசியாக வைக்கும் கண்மணியையும் நகைக்கோட்டையும் முதலில் வைக்க வேண்டும், முகத்தின் நிறம் பிறகு, பின்னணி கடைசி. முதலில் வைத்தது தப்பானால் திருத்த வழியில்லை.

ஜவ்வாது மலையில் இருக்கும் பெரிய கண்ணாடியைப் பார்த்திருக்கிறீர்களா?

காவலூர் வானாய்வகத்தைக் கேட்கிறார்கள். வைணு பாப்பு பெயரில் 1986-இல் திறந்த தொலைநோக்கி, அதன் ஆடி 2.34 மீட்டர் குறுக்களவு. பெங்களூருவில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகத்திலேயே தேய்த்து மெருகேற்றியது. காவலூர் முன்பு வட ஆற்காடு, இப்போது திருப்பத்தூர் மாவட்டம். வேடிக்கை என்னவென்றால் அங்கே ஒளி கண்ணாடிக்குள் நுழைவதே இல்லை, மேலே பூசிய மெல்லிய அலுமினியத்திலேயே திரும்பிவிடுகிறது. கண்ணாடியின் வேலை அந்தக் குழிவை, ஒளி அலையின் சிறு பின்னம்கூடப் பிசகாமல், வருடக்கணக்காகப் பிடித்து வைத்திருப்பது மட்டும்தான். இரவு அந்த மலையில் நின்றபோது எனக்கு என் சூளைதான் ஞாபகம் வந்தது.

எல்லாம் மெஷின் செய்கிறதே, கைவேலைக்கு எதிர்காலம் உண்டா?

ஜன்னலுக்கு மெஷின்தான் சரி. சென்னை போகும் வழியில் ஸ்ரீபெரும்புதூரில் உருகிய தகரத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டு நிற்காமல் தகடு இழுக்கிறார்கள், அதுவும் அழகான வேலை. ஆனால் ஓர் ஆராய்ச்சி மாணவி வந்து, "அண்ணா, இப்படி ஒரு குழாய், இங்கே ஒரு கிளை, உலகத்தில் இது ஒன்றே ஒன்றுதான் வேண்டும்" என்று காகிதத்தில் வரைந்து காட்டினால், அதற்கு மெஷின் கிடையாது.

கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும்?

நேராகக் குழாய் வெட்ட ஒரு நாள். ஃபைலால் ஒரே ஒரு கீறல், கொஞ்சம் எச்சில் ஈரம், கீறலுக்கு எதிர்ப்புறம் இரண்டு கட்டைவிரலும், இழுத்தபடி மடக்கினால் சுத்தமாக விட்டுவிடும். இரண்டு குழாயை ஒழுங்காக ஒட்ட ஆறு மாதம். என் வாத்தியார் முதல் ஒரு மாதம் எனக்குத் தீயையே காட்டவில்லை. இரண்டு குழாய்களுக்கு நடுவில் ஒரு துணியைக் கட்டிக் கொடுத்து, இரண்டு கையாலும் உருட்டு, துணி முறுக்கிக்கொள்ளக் கூடாது என்றார். இளகிய கண்ணாடியும் அந்தத் துணி மாதிரிதான், வலது கை இடது கையை விடக் கொஞ்சம் முந்தினாலும் திருகிக்கொள்ளும். வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டே பழகலாம், செலவே இல்லை.

ஆபத்தா?

கவனமாக இருந்தால் இல்லை, ஆனால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆக்சிஜன் சிலிண்டர் வால்வில் எண்ணெய், கிரீஸ் படவே கூடாது. நைலான், பாலியெஸ்டர் துணி வேண்டாம். மணல் தூசி நுரையீரலைக் கெடுக்கும். வருடக்கணக்காக உலையின் சூட்டு வெளிச்சத்தையே பார்த்தால் கண்ணில் புரை வரும், பழைய ஆட்கள் பலருக்கு வந்திருக்கிறது. ஜன்னல் கண்ணாடியையும் ஆய்வகக் கண்ணாடியையும் ஒட்டப் பார்க்காதீர்கள், முதலாவது சூட்டில் இரண்டாவதைப் போல மூன்று மடங்கு விரியும், ஆறும்போது தெறிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

தாராளமாக. முந்தின நாள் ஒரு போன் போட்டுவிடுங்கள், காலை 10 மணிக்குள் வாருங்கள், அதற்குமேல் தாமதித்தால் பட்டறையில் வெயில் தாங்காது. பருத்தி உடை, செருப்பு இல்லை, ஷூ. மேஜையில் கிடக்கும் எதையும் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று மட்டும் வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள், ஏனென்றால் 300 டிகிரியில் இருக்கும் கண்ணாடியும் ஆறின கண்ணாடியும் பார்ப்பதற்கு ஒன்றேதான். ஆளுக்கு ஒரு சின்ன உருண்டை ஊத விடுவேன். அதை அன்றைக்கே கேட்டு அடம் பிடிப்பார்கள். சூளையில் வைத்துவிடுவேன், திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.